விடைப் பக்கம் என்னிடம் இருக்கட்டும்

கோபத்தோடு எழுத உட்காரக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். காபி குடித்து முடித்து, மின்விசிறியைச் சற்று வேகமாக வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் கோபம் முழுவதும் அடங்கிவிட்டதாகச் சத்தியம் செய்ய முடியாது.

விஷயம் இதுதான். எங்கள் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் இருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், இந்த வட்டாரத்தில் நடக்கும் ஒரு பயிற்சி வகுப்பிலிருந்து (அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம்) ஸ்பைரல் பைண்டிங் போட்ட, தலையணைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளத் தக்க பருமனுள்ள புஸ்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, "தாத்தா, ஒலிம்பியாடுக்கு இருபது வருஷத்துப் பழைய சம் எல்லாம் இதுல இருக்கு" என்று என் மேஜைமேல் வைத்தான். பழைய வினாத்தாள்களிடத்தில் எனக்குள்ள அபிமானம் அவனுக்குத் தெரியும். நானும் ஆவலோடுதான் பிரித்தேன். ஒவ்வொரு கணக்குக்கும் நேர் கீழே, ஒரு விரற்கடை இடம்கூட விடாமல், அதன் விடை. விடை மட்டுமா? விடைக்குப் போகும் வழியும், அந்த வழியின் பெயரும், இந்த மாதிரி வந்தால் இப்படிப் போடு என்று கட்டம் கட்டிய உபதேசமும்.

"இதுல எத்தனை சம் நீயாப் போட்டே?"

"போடறதுக்கு என்ன இருக்கு தாத்தா? எல்லாம் போட்டுத்தானே இருக்கு!"

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

இந்தப் பரீட்சைகள் எவை என்று அறியாத அன்பர்களுக்காக முதலில் நாலு வார்த்தை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு முக்கியமான வாசல்கள் இரண்டு. 1965ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு இன்று திருவல்லிக்கேணியிலிருந்து இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் (ஏ.எம்.டி.ஐ. என்றால்தான் எல்லோருக்கும் புரியும்) நடத்தும் என்.எம்.டி.சி. என்ற போட்டி ஒன்று. அதில் ஐந்து, ஆறாம் வகுப்புகளுக்கு காஸ் பெயராலும், ஏழு, எட்டுக்குக் காப்ரேகர் பெயராலும், ஒன்பது, பத்துக்குப் பாஸ்கரர் பெயராலும், அதற்கு மேலே இராமானுஜன் பெயராலும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. (தேவ்லாலியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த காப்ரேகர், 6174 என்ற தம்முடைய அதிசய எண்ணை 1949இல் சென்னையில் கூடிய கணித மகாநாட்டில்தான் அறிவித்தார். நான்கு இலக்கங்களும் ஒன்றாக இல்லாத எந்த நான்கிலக்க எண்ணையும் எடுத்து, இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழித்துக்கொண்டே போனால், ஏழு தடவைக்குள் அங்கே வந்து நிற்கும். சங்கம் பிறந்த 1965ஐயே எடுத்துப் பாருங்கள்: 9651இல் 1569 போனால் 8082, 8820இல் 288 போனால் 8532, 8532இல் 2358 போனால் 6174. மூன்றே கழித்தல். இப்படித்தான் நான் பாதை மாறிப் போய்விடுவேன், மன்னிக்க வேண்டும்.)

மற்றொரு வாசல், மும்பை ஹோமி பாபா மையத்தின் ஒலிம்பியாடு வரிசை. அதன் முதல் படி ஐ.ஓ.க்யூ.எம். மூன்று மணி நேரம், முப்பது கேள்விகள், நூறு மதிப்பெண்கள். ஒவ்வொரு விடையும் 00 முதல் 99 வரையுள்ள ஓர் எண், அதை ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பிக் காட்டினால் போதும். அதைத் தாண்டினால் ஆர்.எம்.ஓ.: ஆறே கேள்விகள், மூன்று மணி நேரம், விடையோடு நிரூபணமும் எழுத வேண்டும். அப்பால் ஐ.என்.எம்.ஓ., பயிற்சி முகாம், கடைசியில் சர்வதேச ஒலிம்பியாடு. அங்கேயும் கணக்குகள் ஆறுதான். ஆனால் இரண்டு நாள், நாளொன்றுக்கு நாலரை மணி நேரம். 1989 முதல் இந்தியா அதில் கலந்துகொண்டு வருகிறது; 2024இல் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் நம் பிள்ளைகள் நான்கு தங்கத்தோடு நான்காம் இடத்தைப் பிடித்தார்கள். அதன் பிறகு எங்கள் பக்கத்து மின்கம்பங்களிலெல்லாம் ஒலிம்பியாடு கோச்சிங் விளம்பரங்கள் முளைத்துவிட்டன. முளைக்கட்டும். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரு கணக்குக்கு நாலரை மணியில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணியில் பிள்ளை என்ன செய்யும் என்று அந்தத் தலையணைப் புஸ்தகத்தைத் தொகுத்தவர் எப்போதாவது சிந்தித்திருப்பாரா? பெரும்பாலும் ஒன்றும் தோன்றாமல் உட்கார்ந்திருக்கும். ஒன்றும் தோன்றாத நேரத்தில் மனம் தளராமல், ஒரு சின்ன எண்ணைப் போட்டுப் பார்ப்போமா, படத்தைத் திருப்பிப் பார்ப்போமா, வேண்டிய விடை கிடைத்துவிட்டதாக வைத்துக்கொண்டு பின்னோக்கி நடப்போமா என்று இப்படியும் அப்படியும் தட்டிக்கொண்டேயிருக்கும் அந்தப் பழக்கத்தைத்தான் பழைய வினாத்தாள் கற்றுக் கொடுக்கிறது. அதையும், விடை கண்ணில் படாத வரையில்தான் கற்றுக் கொடுக்கிறது. ஒரு கணக்கை முதல் முறையாகப் பார்க்கும் பாக்கியம் ஒருவனுக்கு ஆயுளில் ஒரே தடவைதான். விடையைப் பார்த்த கணத்தில் அது அவனைப் பொறுத்தவரை செலவாகிவிட்டது.

கையிருப்போ சொற்பம். சர்வதேச ஒலிம்பியாடு 1959இல் ருமேனியாவில் ஆரம்பித்து, 1980 ஒரு வருஷம் மட்டும் நடக்காமல், இன்றுவரை வந்த கணக்குகள் மொத்தம் நானூறை ஒட்டித்தான் இருக்கும். அதை ஒரு கோடை விடுமுறைக்குள் பார்த்து முடித்துவிட்டேன் என்று பெருமைப்படும் பிள்ளையைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது.

இந்தப் பழைய வினா என்ற ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. ஹங்கேரி தேசத்தில் 1894ஆம் வருஷம் இரண்டு காரியங்கள் நடந்தன. பள்ளிப் படிப்பை முடித்த மாணவர்களுக்கென்று ஒரு கணிதப் போட்டி தொடங்கிற்று. அதே வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்கான கணிதச் சஞ்சிகை ஒன்றும் தொடங்கிற்று. சஞ்சிகையில் கணக்குகள் அச்சாகும். பிள்ளைகள் விடை எழுதித் தபாலில் அனுப்புவார்கள். நல்ல விடைகள் அனுப்பியவர் பெயரோடு பிற்பாடு வெளிவரும். வானூர்தி விஞ்ஞானத்தில் பெரும் பெயரெடுத்த தியோடர் வான் கார்மான் அந்தப் போட்டியில் ஜயித்தவர்தான். சின்னஞ்சிறு தேசத்திலிருந்து அத்தனை மேதைகள் எப்படிக் கிளம்பினார்கள் என்று ஆராய்ந்தவர்கள் பல காரணம் சொல்கிறார்கள். கணக்குக்கும் விடைக்கும் நடுவே தபால்காரர் நடந்துவரும் காலம் ஒன்று இருந்ததே, அதுவும் ஒரு காரணம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

நமக்கு அது புதிதும் அல்ல. டெபுடி கலெக்டர் உத்தியோகம் பார்த்துக்கொண்டே 1907இல் ஒரு கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்த வி. இராமசாமி ஐயரின் புண்ணியத்தால், அந்தச் சங்கத்தின் சஞ்சிகையில் வாசகர்கள் ஒருவருக்கொருவர் கணக்குப் போட்டுச் சவால் விடும் பகுதி ஒன்று இருந்தது. 1911இல் அதில் இராமானுஜன் கொடுத்த கணக்கு ஒன்றை இன்றைக்கும் எந்த ஒலிம்பியாடு புஸ்தகத்திலும் காணலாம்: √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) என்று முடிவில்லாமல் உள்ளே உள்ளே போகும் அந்த வர்க்கமூலத்தின் மதிப்பு என்ன? மாதங்கள் கடந்தும் விடை அனுப்புவார் இல்லை. கடைசியில் அவரே விடையையும் கொடுக்கும்படி ஆயிற்று.

என்ன விடை என்று கேட்பீர்கள். சொல்வதாக இல்லை. 9 = 1 + 2 × 4, 16 = 1 + 3 × 5, 25 = 1 + 4 × 6 என்ற மூன்று சமன்பாடுகளை மட்டும் இங்கே வைத்துவிட்டு நகர்கிறேன்.

எங்கள் மொட்டை மாடிக்கு வருகிறேன். தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் சரக்கின் தரம் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சில பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். (பீஸ் கிடையாது. முறுக்கு உண்டு.) திருமுல்லைவாயிலிலிருந்து ஒரு பெண் ரயிலில் வருவாள். ஆவடி டாங்கித் தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து அண்ணனும் தங்கையும் வருவார்கள். பூந்தமல்லியிலிருந்து வரும் பையன் மட்டும் எப்போதும் தாமதம். டிரங்க் ரோட்டில் மெட்ரோ வேலை என்பான், அது உண்மைதான். ஆனால் அவன் கொண்டுவரும் விடைகள்தான் எல்லாவற்றிலும் சுருக்கமாக இருக்கும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே யோசிப்பவனுக்குக் காகிதம் ஏது? பத்து வரி கூட்டல் பெருக்கல் செய்ய முடியாதவன், அது தேவைப்படாத வழியைத் தேடித்தானே ஆக வேண்டும்!

பழைய வினாத்தாளை எப்படிக் கொடுப்பது என்பதில் பல தினுசாகச் செய்து பார்த்தோம். முதலில், முழுத் தாளையும் கொடுத்துக் கடிகாரம் வைத்தேன். பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த நாலைந்து கணக்குகளைப் போட்டுவிட்டு, மற்றதைத் தொடாமல், மாடிச் சுவரோரம் நின்று ரயில் பார்க்கப் போய்விட்டார்கள். அடுத்தபடியாக, பாடவாரியாகப் பிரித்துக் கொடுத்தேன். எண்கணிதம் ஒரு கட்டு, வடிவியல் ஒரு கட்டு, எண்ணும் முறைகள் ஒரு கட்டு. பார்ப்பதற்கு மகா ஒழுங்கு. விடைகள் மளமளவென்று வந்தன. சந்தேகம் எனக்கு அப்போதுதான் வந்தது. 'புறாக்கூண்டுக் கொள்கை' என்று தலைப்புப் போட்ட காகிதத்தில் பத்துக் கணக்குகள் இருந்தால், பிள்ளை செய்ய வேண்டியதெல்லாம் புறா எது, கூண்டு எது என்று தேடுவது மட்டும். பரீட்சைத் தாளில் அந்தத் தலைப்பு எங்கே இருக்கிறது? இன்ன கணக்குக்கு இன்ன ஆயுதம் என்று கண்டுபிடிப்பதுதான் பாதிப் பிரயாசை. தலைப்பு அந்தப் பாதியைத் தின்றுவிடுகிறது.

ஆகவே இப்போது எல்லாவற்றையும் கலைத்துவிட்டோம். தலைப்பு இல்லை, ஆண்டு இல்லை, எந்தப் போட்டியில் வந்தது என்ற குறிப்பும் இல்லை. (இது சர்வதேசக் கணக்கு என்று தெரிந்தால் பயந்துவிடுகிறார்கள், ஆறாம் வகுப்புக் கணக்கு என்று தெரிந்தால் அலட்சியம் செய்கிறார்கள்.) வாரத்துக்கு ஒரு பெரிய கணக்கு, வழியில் மெல்லுவதற்கு இரண்டு மூன்று சிறியவை. விடைப் பக்கங்கள் என் இரும்பு அலமாரியில். சாவி என் பூணூலில் என்று ஒரு வதந்தி உலவுகிறது; உண்மையில் அது காலண்டருக்குப் பின்னால் இருக்கிறது.

அப்படிக் கொடுத்தவற்றுள் ஒன்று, 1959இல் நடந்த முதல் சர்வதேச ஒலிம்பியாடின் முதல் கணக்கு. n எந்த இயல் எண்ணாக இருந்தாலும் (21n + 4)/(14n + 3) என்ற பின்னத்தை மேற்கொண்டு சுருக்க முடியாது என்று நிரூபிக்க வேண்டும். திருமுல்லைவாயில் பெண் எட்டாம் வகுப்பு. அடுத்த வாரம் வந்தவுடன், "தாத்தா, 25/17, 46/31, 67/45... பத்து வரைக்கும் போட்டுட்டேன். எதுவும் சுருங்கல" என்றாள்.

"பதினொண்ணாவது சுருங்கிட்டா?"

முறைத்தாள். போய்விட்டாள். இரண்டு வாரம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. மூன்றாம் வாரம் ஒரு சிறு காகிதத்தோடு வந்தாள். மேலேயும் கீழேயும் ஒரே எண் வகுக்குமானால், அவற்றின் வித்தியாசத்தையும் அது வகுத்தாக வேண்டும். வித்தியாசம் 7n + 1. அதை வகுக்குமானால் அதன் இரு மடங்கான 14n + 2ஐயும் வகுக்க வேண்டும். கீழே இருப்பதோ 14n + 3. அடுத்தடுத்த இரண்டு எண்களையும் வகுக்கக் கூடியது 1ஐத் தவிர வேறு எது? முடிந்தது. யூக்ளிடின் முறை என்று அதற்கு ஒரு பெயர் உண்டென்பது அவளுக்குத் தெரியாது. தானாகவே அங்கே போய்ச் சேர்ந்திருந்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்றைக்கு முறுக்கோடு மைசூர்பாகும் வந்தது.

தலையணைப் புஸ்தகம் கொண்டுவந்த மூன்றாவது மாடிப் பையனுக்கும் இந்தக் கணக்கு தெரியும். புஸ்தகத்தில் ஒரே வரியில் போட்டிருக்கிறது: 3(14n + 3) − 2(21n + 4) = 1. மிக அழகான வரி, குற்றம் சொல்வதற்கில்லை. அவன் பத்து விநாடியில் எழுதிக் காட்டினான். "சரி கண்ணா, இப்போ (35n + 8)/(21n + 5)" என்றேன். அவன் உடனே கீழே இருப்பதை மூன்றாலும் மேலே இருப்பதை இரண்டாலும் பெருக்கிக் கழித்தான். −7n − 1 வந்தது. அதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த 3உம் 2உம் எங்கிருந்து வந்தன என்று அந்தப் புஸ்தகம் அவனுக்குச் சொல்லவே இல்லை. அந்தப் பெண்ணோ மறுபடியும் கழித்துக் கழித்துக் கீழே இறங்கினாள்: 14n + 3, பிறகு 7n + 2, அதன் இரு மடங்கு 14n + 4, முன்னே இருப்பது 14n + 3, அடுத்தடுத்த எண்கள், முடிந்தது.

அதோடு விட்டேனா? (21n + 4)/(14n + 5) என்று ஒன்று கொடுத்தேன். இங்கே எப்படிக் கழித்தாலும் கடைசியில் 1 வருவதில்லை, 7 நிற்கிறது. அவள் முகம் வாடிற்று. "அப்போ இது சுருங்குமா தாத்தா?" நான் வாயைத் திறக்கவில்லை. ஆவடித் தங்கைதான் மெதுவாகச் சொன்னாள்: "ஏழு வகுத்தாத்தானே சுருங்கும்? இருபத்தொண்ணு n ஏழால போகும், நாலு போகாதே!" ஒரு பழைய கணக்கின் ஓர் எண்ணை மாற்றினால் கிடைக்கும் லாபம் இது. பழைய வினாவைப் போட்டு முடித்த பிறகுதான் அதனுடைய உபயோகமே ஆரம்பிக்கிறது. எண்ணை மாற்று, நிபந்தனையில் ஒன்றை எடுத்துவிடு, தலைகீழாகக் கேள். கையிருப்பு சொற்பம் என்று மேலே அழுதேனே, அதைப் பெருக்கிக்கொள்ளும் வழி இதுதான்.

யுக்திகளின் பெயர்களை அறிந்து வைத்திருப்பது தவறா என்று கேட்கலாம். தவறில்லை. 1988இல் ஆஸ்திரேலியாவில் நடந்த சர்வதேச ஒலிம்பியாடில் வந்த ஆறாவது கணக்கு பிரசித்தமானது. உலகெங்கிலுமிருந்து வந்திருந்த மாணவர்களுள் 11 பேர்தான் அதை முழுமையாகப் போட்டார்கள். இன்றைக்கு அதைத் தீர்க்கும் யுக்திக்கு 'வியட்டா ஜம்பிங்' என்று பெயர் வைத்து, ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் ஸ்டேஷன் பெஞ்சில் பேசிக்கொள்கிறார்கள். ஒரு காலத்து மகா அற்புதம் பின்வருபவர்களுக்குச் சாதாரணப் பயிற்சியாவது கணிதத்தின் இயல்பு. அதுவும் பழைய வினாக்கள் தரும் வரம்தான். ஆனால் அடுத்த வருஷத்து ஆறாவது கணக்குக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு இலக்க விடைக்கு வட்டம் நிரப்பிப் பழகிய பிள்ளை, நிரூபணம் எழுத வேண்டிய தாளைக் கண்டதும் திகைத்துப்போகிறது. மனத்தில் எல்லாம் இருக்கிறது; காகிதத்தில் மூன்று அம்புக்குறியும் ஒரு 'ஆகவே'யும்தான் இருக்கின்றன. ஆகவே, போட்ட கணக்கை அங்கே இல்லாத ஒருவருக்குக் கடிதம் எழுதுவதுபோல் முழு வாக்கியங்களில் எழுதச் சொல்கிறேன். ஆவடி அண்ணன் தன் பாட்டிக்கு எழுதுகிறான். பாட்டிக்குப் புரியாத வரியை அடித்துவிட்டு மீண்டும் எழுத வேண்டும். (பாட்டி கண்டிப்பானவர்.)

கடிகாரம் வைத்து முழுத் தாள் எழுதிப் பார்ப்பதையும் நான் விட்டுவிடவில்லை. அதற்கென்று கடைசிச் சில வருஷத்துத் தாள்களை யாரும் தொடாமல் ஒதுக்கி வைத்திருக்கிறோம். பரீட்சைக்கு முந்திய வாரங்களில் மட்டும் அவை வெளியே வரும். எந்தக் கணக்கை விட்டுவிட வேண்டும், எதில் எவ்வளவு நேரம் தங்க வேண்டும் என்ற விவேகம் அதில்தான் வருகிறது. அந்தத் தாள்களையும் முன்னாலேயே விடையோடு படித்து முடித்துவிட்ட பிள்ளைக்கு அந்த ஒத்திகை இல்லை. பார்த்த கணக்கை மறுபடி எழுதி நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கி, வீட்டில் எல்லோரும் இனிப்பு சாப்பிட்டு, அசல் பரீட்சையில் முழிக்க வேண்டியதுதான்.

பெற்றோர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே. பழைய வினாத்தாள்களை விலை கொடுத்து வாங்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. ஹோமி பாபா மையம் தன் தாள்களையும் விடைகளையும் இலவசமாகவே கொடுக்கிறது, ஏ.எம்.டி.ஐ. தொகுப்புகள் சகாய விலையில் கிடைக்கின்றன. ஜெராக்ஸ் எடுக்கும்போது கேள்விப் பக்கத்தைப் பிள்ளையிடம் கொடுங்கள். விடைப் பக்கத்தை அரிசி டப்பாவுக்குப் பின்னாலோ பீரோவிலோ வைத்துவிட்டு, பிள்ளை எத்தனை கெஞ்சினாலும் ஒரு வாரத்துக்குத் தராதீர்கள். ஒரு வாரம் போதாது என்று அதுவே கேட்டால் இன்னும் நல்லது.

பயிற்சிக்கு ஒன்று கொடுத்துவிட்டு விடைபெறுகிறேன். (21n + 4)/(14n + 6): இது சில n மதிப்புகளுக்குச் சுருங்கும், சிலவற்றுக்குச் சுருங்காது. சுருங்கும் மதிப்புகள் எல்லாவற்றையும் கண்டுபிடியுங்கள். முதல் மதிப்பு 1 என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மீதியை என்னிடம் கேட்டு எழுத வேண்டாம், அடுத்த மாதம்வரை பதில் வராது.